ஜபருல்லா பாயின் மூக்கு

புகை போகும் குழாயின் வாயில் பழந்துணியை அடைத்து, என்ஜினை ஓடவிட்டு, காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார் ஜபருல்லா பாய். ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு முனை அவர் காதில். மறுமுனை சைலன்சர் நெடுக ஊர்கிறது. காற்று கசிகிற இடம் வந்தால் காதில் ‘உஸ்’ என்கிறது. சூடேறுவதற்குள் அங்கே சோப்புத் தண்ணீர் தடவுகிறார். “சோப்பு முட்டை உட்டுச்சுன்னா அங்கதானுங்க ஓட்டை.”

உக்கடத்துச் சந்தில் அவருடைய ஷெட். அப்பன் காலத்துக் கார்கள்தான் வரும். எனக்கு அவற்றின் மேல் பெரிய மரியாதை கிடையாது. தள்ளினாலும் நகராத ஜென்மங்கள். என் ஸ்கூட்டரை எதிர்க்கடையில் பழுதுபார்க்க விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பாயோடு பேச்சுக் கொடுப்பேன்.

கொரோனாவில் போன மோப்பம் அவருக்குத் திரும்பவே இல்லை. “டீயும் சுடுதண்ணியும் ஒண்ணுதானுங்க எனக்கு. எங்கூட்டுக்காரி சபுரா பிரியாணின்னு சொன்னா அது பிரியாணி.” சிரிக்காமல் சொல்வார். சொல்லிவிட்டு, பம்பரைப் பிடித்து எழுந்து நிற்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும்.

குழாயும் சோப்பும் பாதி வேலைதான். வண்டிக்குள் புகை வாடை நின்றுவிட்டதா என்று கடைசியில் மூக்குதான் சொல்ல வேண்டும். அதற்கு அவர் மனைவி சபுரா இருக்கிறார். மதியச் சோறு கொண்டுவருபவர், வேலை முடிந்து என்ஜின் ஓடும் காரின் பின்சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். கால்வலிக்கு உட்கார்ந்திருக்கிறார் பாவம் என்று வண்டிக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாயும் அப்படியே விட்டுவிட்டார். மூக்கு இல்லாத மெக்கானிக்கிடம் யார் வருவார்கள்?

கருமத்தம்பட்டி மயில்சாமியின் பழைய பியட் நேற்று இப்படித் தேறிப் போனது. இன்று காலையே, நான் அங்கிருக்கும்போதே, திரும்பி வந்துவிட்டது.

“ஏனுங்க பாய், அவிநாசி ரோடு ஏறறதுக்குள்ள தலைவலி வந்துபோச்சுங்க. நாளைக்குப் புள்ளைக்கு வளைகாப்பு. முடிச்சுச் சூலூர்ல இருந்து ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். அப்பா வண்டியிலதான் வருவேன்னு நிக்கறா.”

பாய் மறுபடி அடியில் படுத்தார். குழாய் சேரும் ஒரு மூட்டில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட் தீய்ந்திருந்தது. மாற்றினார். மதியம் சபுரா வந்து பின்சீட்டில் உட்கார்ந்து இறங்கினார்.

“ஒண்ணுமில்லீங்க, சுத்தமா இருக்குது” என்றார். மூக்கடைத்த குரல். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பாய் அவரையே பார்த்தார். நேற்று நடந்தது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மயில்சாமி சாவிக்குக் கையை நீட்டிவிட்டார். சபுராவின் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடலாம். இவ்வளவு களைப்பில் நானாக இருந்தால் கொடுத்திருப்பேன்.

“அவளுக்குச் சளிங்க” என்றார் பாய். “எனக்கு மூக்கு செத்து வருசக்கணக்காச்சு. நேத்து அவ மோந்து பாத்ததை நம்பித்தான் உட்டேன். மாசமா இருக்கிற புள்ளைங்க. நாளைக்கு வேற வண்டி புடிச்சுக்கோங்க.”

மயில்சாமி குரலைத் தாழ்த்தினார். “இது வெளிய தெரிஞ்சா உங்ககிட்ட எவன் பாய் வண்டி உடுவான்?”

“உட மாட்டானுங்க.”

மயில்சாமி நீட்டிய கை அப்படியே நின்றது. பாய் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.