டிரம்ஸ் வந்தால் காபி

ஊரே போனில் பாட்டுக் கேட்கிற காலத்தில் நான் இன்னும் ஒரு டிவிடி பிளேயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சேலையூரில் இரண்டாவது மாடி. ஞாயிறு மத்தியானம் ஜன்னலைச் சாத்தினால் எங்கள் வீட்டில் கச்சேரி ஆரம்பம். எனக்குப் பிடித்த இங்கிலாந்து ராக் குழு ஒன்று தன் மேடைக் கச்சேரிகளை வீடியோவாக விட்டுக்கொண்டே இருக்கிறது. நானும் விடாமல் வாங்கி அலமாரியை நிரப்பிவிட்டேன். ப்ராக்ரெசிவ் ராக் என்பார்கள். ஒரு பாட்டு தொடங்கும்போது தாம்பரத்தில் ரயில் ஏறியவன், அது முடிவதற்குள் கிண்டியில் இறங்கிவிடலாம்.

"எல்லாத்துலயும் அதே கிழவனுங்க, அதே பாட்டு. முடிதான் குறைஞ்சிருக்கு," என்பாள் என் மனைவி. சொல்லட்டும். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கச்சேரியை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து என் ஆசை. வேறென்ன கேட்டேன், நகையா நட்டா?

உட்காருவாள். தொடையில் தாளம்கூடப் போடுவாள். ஏழு ஏழாக எண்ணி, "மிஸ்ர சாபுதானே, இதுக்கு எதுக்கு இவ்ளோ மண்டையை ஆட்டறாங்க?" என்று என் மானத்தை வாங்குவாள். ஆனால் டிரம்மர் தனியாக வாசிக்க ஆரம்பித்தால் போதும், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். டிசம்பர் சபாக்களில் வளர்ந்தவள். அங்கே மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதி சபை கேன்டீனுக்குக் கிளம்பும். அதே பழக்கம் இங்கேயும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மனுஷன் உயிரைக் கொடுத்து அடிக்கிறாரு, நீ காபி போடப் போறியா?"

"அவர் முடிக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

வந்தும்விடுவாள். கடைசி அடி விழும்போது இரண்டு டம்ளரோடு என் முன்னால் நிற்பாள்.

போன மாதம் அவர்களுடைய புது வீடியோ வந்தது. அந்த நீளமான பாட்டில், தனி வாசிப்பு வரும் இடத்தில், வழக்கம்போல எழுந்து போனாள். நாலு தட்டு தட்டியதுமே கிடார் உள்ளே வந்துவிட்டது.

"ஏங்க, ஓட்டிட்டீங்களா?" அடுப்படியிலிருந்து குரல்.

"நான் எதையும் தொடலம்மா."

வெறுங்கையோடு வந்து நின்றாள். டிரம்ஸில் யாரோ ஒரு இளைஞன். "அவர் எங்க?"

தோள்பட்டை போய்விட்டது, இனிமேல் அவரால் வாசிக்க முடியாது, கடைசியில் மேடைக்கு வந்து கையசைத்துவிட்டுப் போவார் என்றேன்.

"சொல்லவே இல்ல?" என்று என் மேல் பாய்ந்தாள், நான்தான் போய் அந்தத் தோளை உடைத்துவிட்டு வந்த மாதிரி. அப்புறம், "பழசைப் போடுங்க," என்றாள்.

போட்டேன். டிரம்ஸ் வந்தது. அவள் எழவில்லை. தாளமும் போடவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். கேமரா அந்த மனிதரின் முகத்துக்குக் கிட்டே போனது. வேர்த்து ஊற்றுகிறது, மூச்சு வாங்குகிறது. இத்தனை வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. குதித்திருக்க வேண்டும் நான். குதிக்கத் தோன்றவில்லை.

முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சுக்கிட்டே வாசிக்கிறாருங்க. எப்பவுமே இப்படித்தானா? எனக்கு அடுப்படியில சத்தம் மட்டும்தானே கேக்கும்."