முகம் விழாத படங்கள்

"வெத்திலைக் காவியைப் பாருங்கோ உம்மா. பல்லுக்கும் முரசுக்கும் நடுவில வேலி அடைச்ச மாதிரி நிக்குது."

தோப்பூர் ஆமினா உம்மா கணினித் திரையைப் பார்த்தார். பிறகு இராசமலரைப் பார்த்தார். "இது என்ட வாயில்ல மகள். வேற ஆரிடயோ." இராசமலர் அசரவில்லை. கமெராவை எடுத்து உம்மாவின் கண்முன்னே இன்னொரு படம் பிடித்து, அதையும் திரையில் போட்டாள். ஈறோரத்தில் அதே வேலி. உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த மாதம் வந்தபோது காவியில் பாதி போயிருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அது. துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பல் வைத்தியரிடம் இராசமலர் உதவியாளராக இருந்தாள். வைத்தியர் பல்லைப் பிடுங்குவார், அடைப்பார். சனத்தை ஒழுங்காகப் பல் தீட்டவைப்பது இவள் பாடு. அதற்கு இவளுக்கிருந்த ஆயுதம், கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய சின்ன டிஜிட்டல் கமெரா. முதல்முறை வந்தபோது எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள். எப்பேர்ப்பட்ட வாய்வீச்சுக்காரரும் அதன்முன் அடங்கிப்போவார்.

படம் பிடிக்கிறார்களாம் என்ற கதை கடலோரச் சல்லிக் கிராமம் வரைக்கும் போனதில்தான் வந்தது வினை. அடையாள அட்டைக்கு ஒருதரம் போனதைத் தவிர ஸ்டூடியோ வாசலை மிதிக்காத சனம், பவுடர் பூசி, பூ வைத்து, பல் காட்ட வந்தது. இவளோ குச்சியால் கன்னத்தை ஒதுக்கி, வாயை மட்டும் பிடிப்பாள்.

"முகம் விழேல்லையோ தங்கச்சி?"

"முகத்தில ஊத்தை இல்லை அண்ணை. பல்லிலதான்."

அறையே சிரிக்கும். தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி நின்ற அந்த நாட்களில், ஊர் வாய்விட்டுச் சிரித்த இடங்களில் அதுவும் ஒன்று. இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது.

சல்லியிலிருந்து வந்த யோகலிங்கத்துக்கு இருபத்தொரு வயது. கடற்றொழில். முரசில் இரத்தம் கசிகிறதென்று வந்தவன், இவள் சொன்னபடி தீட்டி மூன்றாம் முறை பளிச்சென்ற பல்லோடும் மினுக்கிய சேர்ட்டோடும் வந்து நின்றான். "அக்கா, முழுசா ஒரு படம் எடுங்கோவன். அம்மா கேக்கிறா."

"இது ஸ்டூடியோ இல்லைத் தம்பி. கமெராவில இடமும் இல்லை. அடுத்தமுறை பாப்பம்."

இரண்டு கிழமை கழித்துக் கடலுக்குப் போன அவனுடைய வள்ளம் திரும்பவில்லை.

தாய் தங்கேஸ்வரி தேடிக்கொண்டு வந்தார். "முறைப்பாடு எழுதப் பொலிசில படம் கேக்கினம் பிள்ளை. வீட்டில இருந்ததெல்லாம் சுனாமியோட போயிட்டுது. அடையாள அட்டை அவன்ர பொக்கற்றில. உங்களிட்டப் படம் பிடிச்சவன் எண்டு சொன்னவன்."

இராசமலர் அவனுடைய பெயரைக் கணினியில் தேடினாள். இருந்த மூன்றையும் திரையில் போட்டாள். மூன்றிலும் பல் மட்டும்.

தாய் குனிந்து பார்த்தார். ஓரத்தில் உடைந்திருந்த முன்பல்லில் விரலை வைத்தார். "இது அவன்தான். சின்னனில வள்ளத்தில விழுந்து உடைச்சவன்." பிறகு மூன்றாவது படத்துக்கு விரல் நகர்ந்தது. "வடிவாத் தீட்டியிருக்கிறான், என்ன?"

"ஓம் அம்மா. நல்லாத் தீட்டினவன்."

இரண்டடி தள்ளி நின்று எடுத்திருக்கலாமே என்ற நினைப்பு இராசமலரைக் குத்திக் கிழித்தது. மூன்று படங்களையும் அச்செடுத்துக் கொடுத்தாள். எந்தப் பொலிஸ் இதை ஏற்கும் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தாய் அவற்றைச் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு போனார்.

அடுத்தவர் கதிரையில் வந்து உட்கார்ந்து, பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

"வாயை மூடுங்கோ அண்ணை. நிமிந்திருந்து என்னைப் பாருங்கோ."

சொல்லிவிட்டு இராசமலர் கமெராவோடு பின்னால் போனாள், முதுகு சுவரில் முட்டும்வரை.