சுவரோர நாற்காலி

கெல்வின் ஹார்கிரீவுக்கு முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். ஆப்கானிஸ்தான் போரிலிருந்து ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லுக்குத் திரும்பியதிலிருந்து இதே கதைதான். சாப்பிடப் போன இடத்தில் மூலை மேசை கிடைக்காவிட்டால் பசியோடு வீடு திரும்புவார். மகள் ஷெரிடன் பட்டம் வாங்கிய அன்று, பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தத்துக்கே எழுந்து வெளியே ஓடிவிட்டார். அவள் மேடையேறியதைப் பார்க்கவில்லை. மனைவி அதற்கு முன்பே பிரிந்து போயிருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு கேரவன் வண்டி வீட்டில் தனியாக இருந்தார். அங்கே பேச்சுத் துணைக்கு ரேடியோதான்.

இப்போது ஷெரிடனுக்குக் கல்யாணம்.

"முன்வரிசையில உனக்கு இடம் போட்டிருக்கேன்பா. பாதியில எழுந்து போறதா இருந்தா வராமலே இருந்துடு. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது," என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

முன்வரிசை என்றால் கூட்டம் முழுவதும் முதுகுக்குப் பின்னால்.

அந்தப் பயத்தில்தான், முன்னாள் சிப்பாய்கள் கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் நொரீன் ஃபாங் என்ற அம்மா போடும் அக்குபங்சர் ஊசிக்குப் போனார். மனநல ஆலோசகர்கள் எல்லோரும் பேசு பேசு என்றே அவரை விரட்டியிருந்தார்கள். நொரீன் எதுவும் கேட்கமாட்டார். காதில் மெல்லிய ஊசிகளைச் செருகிவிட்டு, "சும்மா உக்காருங்க" என்பார். முதல் நாள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தாராம், பாவம். வந்தவர்கள் ஆளுக்கொன்றை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டார்கள். அன்றிலிருந்து நடுக்கூடத்தில் ஈ, காக்கை கிடையாது. நாலு சுவரோரமும், காதில் ஊசியோடு, தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்த ஆண்கள். மற்றவர்கள் குறட்டை விடுவார்கள். கெல்வினுக்குத் தோள் கொஞ்சம் தளரும். கண் மட்டும் மூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை சுவரெல்லாம் புதுப் பெயின்ட்.

"ஈரமா இருக்கு, யாரும் சாயாதீங்க," என்றார் நொரீன். எல்லோரும் நடுக்கூடத்தில் திருதிருவென்று விழித்தார்கள். கெல்வின் வாசலை நோக்கி நடந்தார்.

"எங்கடா ஓடுற?" என்றார் மெர்வ் டூலன், வியட்நாம் போருக்குப் போய் வந்த கிழவர். தன் நாற்காலியை இன்னொன்றோடு முதுகுக்கு முதுகாகப் போட்டார். "உக்காரு. உன் பின்பக்கம் நான் பாத்துக்கறேன், என் பின்பக்கம் நீ பாத்துக்க. காவல் நிக்கறது மறந்துபோச்சா?"

கெல்வின் உட்கார்ந்தார். ஊசி ஏறியதும் தூங்கியே போனார். விழித்துத் திரும்பினால், மெர்வும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல காவல்தான்.

கல்யாணத்துக்கு மெர்வையும் கூட்டிப்போனார். கெல்வினுக்கு நேர் பின்னால் இரண்டாம் வரிசையில், டையெல்லாம் கட்டிக்கொண்டு, மணமக்களுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் கிழவர். சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கெல்வின் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

விருந்தில் ஷெரிடன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தத் தாத்தா ஏன்பா வாசலையே பாத்துட்டிருந்தாரு?"

கெல்வின் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார்.

"அவ்வளவுதானா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "பின்னாடி ஒரு ஆள் உக்காரணும், அவ்வளவுதானா? நான் உக்காந்திருப்பேனேப்பா. அம்மாவும் உக்காந்திருப்பாங்க. நீ ஒரு நாள்கூட கேக்கலையே."

அதற்குள் யாரோ அவளை நடனத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.