முப்பத்தொரு நாற்காலிகள்

பதினாறு வருடம் அடுத்தவர் கம்பெனியில் துடைப்பம் பிடித்தவள் ஒரு நாள் திடீரென்று, "இனிமே நானே தனியா எடுத்துச் செய்யப் போறேன்" என்று கிளம்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? புருஷன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "சரி, வண்டியை நான் ஓட்டறேன்" என்றார். நாத்தனார் ஒரு படி மேலே போய், மறுநாளே தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். அந்தக் குடும்பமே அப்படித்தான். யோசிப்பதெல்லாம் பிற்பாடு.

அவளுக்குச் சூறாவளி என்று பட்டப்பெயர். ஓர் அறைக்குள் நுழைந்தால் மேஜை ஒரு பக்கம், அலமாரி ஒரு பக்கம் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் எல்லாம் பழைய இடத்தில் பளபளவென்று நிற்கும். பழைய மேற்பார்வையாளர் கிண்டலுக்கு வைத்த பெயர்தான். இவளோ பதக்கம் மாதிரி அதை வாங்கிக்கொண்டாள்.

முதல் வேலை ஒரு மூன்றாவது மாடி அலுவலகம். முப்பத்தொரு பேர் உட்காரும் இடம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் தரையிலிருந்து விட்டம்வரை சுத்தம் செய்ய வேண்டும். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க மாதாமாதம் இவர்களுக்கே வேலை. சாவியைக் கையில் கொடுக்கும்போது மேனேஜரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"முன்னாடி வந்தவங்க நல்லாத்தான் துடைச்சாங்க. ஆனா இங்க இருந்தது அங்க, அங்க இருந்தது இங்க. திங்கக்கிழமை முழுக்க ஆளாளுக்குச் சண்டை. அதனாலதான் அவங்களை நிறுத்தினோம். அழுக்கைத் தவிர வேற எதுவும் இடம் மாறக் கூடாது. புரியுதா?"

"ஒரு குண்டூசி நகராது மேடம்" என்றாள் சூறாவளி. வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே மூவரும் இறங்கிவிட்டார்கள். முறை தெரிந்தவள் அவள். எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு மேஜையையும் போனில் படம் எடுத்தாள். பிறகு மேஜைக்கு ஒரு பை, பைக்கு ஒரு எண். மேலே ஆரம்பித்துக் கீழே வந்தார்கள்: ஏசியின் வலைகள், விளக்குகள், அலமாரித் தலைகள், கடைசியில் தரை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் பிஸ்கட் தூள் மழையாகக் கொட்டியது. "அடேயப்பா, இந்த ஆள் வேலையே செய்யறதில்ல போல, தின்னுட்டே இருந்திருக்கான்!" என்று நாத்தனார் சிரித்தாள். புருஷன் அலமாரியை நகர்த்தினால் அடியிலிருந்து பேனா மூடிகளாகவே பதினெட்டு வந்தன. மூவருக்கும் ஒரே கும்மாளம். சொந்த வேலை என்றால் முதுகுவலிகூடத் தெரியாதோ என்னவோ.

அந்தக் கும்மாளத்தில்தான் அவள் ஒரு காரியம் செய்தாள். நாற்காலிகளைத் துடைத்தால் போதும் என்றுதான் பேச்சு. ஞாயிறு காலை அவள் ஒரு நாற்காலியின் மெத்தையைத் தட்டிப் பார்த்தாள். புகையாகத் தூசி எழுந்தது.

"என்னங்க, எல்லாத்தையும் மொட்டைமாடிக்கு ஏத்துங்க. நுரை போட்டுக் கழுவிடலாம்."

"முப்பத்தொண்ணையுமா?"

"பின்ன? முப்பதைக் கழுவிட்டு ஒண்ணைப் பார்த்துட்டு இருக்கவா?"

நாத்தனார் எண் எழுதிய சீட்டுகளை ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பேப்பர் டேப்பால் ஒட்டினாள். பைகளுக்கு ஒட்டிய அதே டேப். நுரை போட்டார்கள், தேய்த்தார்கள், குழாயைப் பிடித்து அடித்தார்கள். நல்ல வெயில், போதாததற்குக் காற்று வேறு. மூன்று மணிக்கெல்லாம் மெத்தைகள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன.

"அண்ணி" என்று நாத்தனார் கூப்பிட்ட குரலே சரியில்லை. மாடியில் தண்ணீர் போகும் ஓட்டையருகே குந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் முப்பத்தொரு சீட்டுகளும் கூழாகக் குவிந்து கிடந்தன.

எல்லா நாற்காலியும் ஒரே கறுப்பு, ஒரே கம்பெனி. ஆனால் ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் அடியிலிருக்கும் நெம்புகோலை அழுத்தித் தன் உயரத்துக்கு ஏற்றி இறக்கி வைத்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் நாளைக் காலை ஒருவருக்கு முட்டி இடிக்கும், இன்னொருவருக்குக் கால் தொங்கும்.

"போச்சு! எல்லாம் என்னாலதான்" என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏய், அழுது தொலைக்காதே. டேப்பை ஒட்டினது நீ, கழுவச் சொன்னது நான். ஆறு மணிக்கு வாட்ச்மேன் பூட்டிடுவார். எந்திரி!"

எழுந்து எங்கே போவது? நடுக்கூடத்தில் முப்பத்தொரு நாற்காலிகளையும் நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்தாள். வழக்கமாக அவள் அழுக்கை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். யார் காலை எங்கே வைப்பார், யார் முழங்கையை எங்கே ஊன்றுவார் எல்லாம் அத்துப்படி. இப்போது எங்கே அழுக்கு? அதைத்தான் இரண்டு நாளாக மாய்ந்து மாய்ந்து எடுத்துத் தொலைத்தாயிற்றே!

புருஷன் ஒரு மேஜையில் சாய்ந்துகொண்டு, "இந்தக் கோட்டைக்கூட நேத்து அரைமணி நேரம் தேய்ச்சேன். போக மாட்டேங்குது சனியன்" என்றார்.

"எந்தக் கோடு?"

மேஜை விளிம்பில் இரண்டு கறுப்புத் தழும்புகள். அவள் குனிந்து பார்த்தாள். அடுத்த மேஜைக்கு ஓடினாள். அங்கேயும் இரண்டு, ஆனால் அரை விரல் கீழே. அதற்கடுத்ததில் இடதுபக்கம் மட்டும் ஆழமாக. நாற்காலியை உள்ளே தள்ளும்போதெல்லாம் கைப்பிடி போய் இடித்து இடித்து விழுந்த வடுக்கள்!

"நாம யாரும் நெம்புகோலைத் தொடலையே?" என்று கத்தினாள்.

"இல்லையே அண்ணி."

"அப்ப உயரம் மாறல! தள்ளுடீ, ஒவ்வொண்ணா தள்ளு!"

அப்புறம் பார்க்க வேண்டுமே! நாற்காலி உருண்டு போய் மேஜையில் இடிக்க, அவள் முட்டிபோட்டுத் தழும்பைப் பார்க்க, "இல்ல, அடுத்தது!" "இல்ல!" "ஆங், இதான், இதான்!" என்று ஒரே கூச்சல். ஒன்று பொருந்தினால் நாத்தனார் குதித்தாள். நாலரைக்குப் பதினைந்து. ஐந்தரைக்கு இருபத்தொன்பது. மிச்சம் இரண்டு. ஜன்னலோரம் இருந்த இரண்டு மேஜைகளும் புத்தம் புதுசு, ஒரு கீறல் இல்லை. இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரம் வேறு. வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். தோன்றியபடி வைத்துவிட்டு வெளியே வந்தார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவளும் நாத்தனாரும் கதவோரம் நின்றார்கள். எப்போதும் ஆட்கள் போனபிறகு வந்து, ஆட்கள் வருமுன் போகிறவர்கள். முதன்முறையாக முகங்களைப் பார்த்தார்கள். "அதோ நம்ம பிஸ்கட்!" என்று நாத்தனார் இடித்தாள். ஒல்லியாக ஒரு பெண்! ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். யாரும் நெளியவில்லை, யாரும் குனிந்து நெம்புகோலைத் தேடவில்லை. மேனேஜரம்மா ஒப்பந்தத் தாளோடு சுற்றிவந்து தலையை ஆட்டினார். சூறாவளிக்குத் தலைகால் புரியவில்லை.

ஜன்னலோரம் கண்ணாடிக்காரர் ஒருவர் சாய்ந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் சாய்ந்தார். "என் நாற்காலி கிறீச்சுன்னு கத்துமே? சத்தமே காணோம்."

"எண்ணெய் விட்டிருப்பாங்க சார்" என்றபடி பக்கத்து மேஜைக்காரர் தானும் சாய்ந்தார். கிறீச்!

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசாமல் நின்றிருந்தால் அதோடு போயிருக்கும். வாயைத் திறக்காதே என்பதுபோல் நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம், அந்த ரெண்டும் மாறிப்போச்சு" என்று சூறாவளி சொல்லிவிட்டாள். "ரெண்டு மட்டும் இல்ல. கழுவினப்போ எல்லாமே கலந்துபோச்சு. என் தப்புதான். மத்ததையெல்லாம் கண்டுபிடிச்சு வெச்சோம்."

அவ்வளவுதான், அலுவலகமே எழுந்து நின்றது. முப்பத்தொரு பேரும் தங்கள் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள்.

"இது என்னோடதுதானே? எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க எழுந்திருக்கும்போது இடதுகையால தள்ளிட்டுத்தான் போவீங்க சார். உங்க மேஜை சொல்லுச்சு."

"என்னோடது?" "என்னோடது சொல்லுங்க!" ஆளாளுக்குக் கேட்டார்கள். கண்ணாடிக்காரரே எழுந்து தன் கிறீச்சை உருட்டிக்கொண்டு போனார். மேனேஜரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இடம் மாறக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"சொன்னீங்க மேடம்."

"முன்னாடி வந்தவங்க கடைசிவரைக்கும் ஒத்துக்கவே இல்ல" என்றவர், தாளை மேஜைமேல் வைத்து, வருகிறவர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. கையெழுத்துப் போடணும்."

அவள் அந்த நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள். இந்தப் பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் நாற்காலி துடைத்திருப்பாள்! ஒன்றிலாவது உட்கார்ந்ததில்லை. மெல்ல உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. கை தானாக அடியில் போய் நெம்புகோலை அழுத்தியது. புஸ்ஸென்று இறங்கிப் பாதம் ஊன்றியதும் பெரிதாகப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எழுந்தவள் பழக்க தோஷத்தில் நாற்காலியைப் பழைய உயரத்துக்கே ஏற்றக் குனிந்தாள்.

"ஏத்தாதீங்க" என்றார் மேனேஜரம்மா. "மாசாமாசம் நீங்கதானே வரப்போறீங்க, அப்படியே இருக்கட்டும்."