டாக்சியில் ரம்பை

பாங்கொக்கில் அந்திச் சந்தைக்கு நூடுல்ஸ் சாப்பிடப் போக டாக்சியில் ஏறியதுமே ரம்பை இலை மணத்தது. திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியோரம், எங்கள் கோழிக்கறியில் போடும் அதே நீளப் பச்சை இலை கட்டாகக் கிடந்தது. எதற்கென்று கேட்டேன். கார் மணக்கத்தான் என்றார் சாரதி.

ஜேர்மனியில், ஹனோவரில் நான் சிறுவயதில் இருந்த வீட்டில், குளிர்காலத்தில் கறி வைக்குமுன் ஒரு சடங்கு நடக்கும்.

"கோட்டுகளை அறைக்குள்ள கொண்டுபோய்ப் போடுங்கோ. பள்ளிக்கூடத்திலை மணக்கும்" என்று எங்களிடம் சொல்வார் அம்மா. அப்பா அறைக்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கை ஈரத் துவாயால் அடைப்பார். அதன்பிறகுதான் சட்டியில் வெங்காயமும் ரம்பையும் விழும்.

மறுநாள் ட்ராமில் கோட்டுக் கையை மூக்கில் வைத்துப் பார்ப்பேன். வாசம் துவாயைத் தாண்டியிருக்கிறதா என்று அறிய அப்படியொரு ஆவல். பெரும்பாலும் தாண்டியிருக்கும். எனக்கு அது பிடித்தும் இருந்தது. அம்மாவிடம் மூச்சுவிட்டதில்லை.

டாக்சியிலிருந்தே இலைக்கட்டைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"வேணுமெண்டே வைச்சிருக்கினமோ?"

"ஓம் அம்மா. கார் மணக்கவாம்."



"அப்ப வரேக்கை உன்ரை கோட்டுப் பொக்கற்றுக்குள்ள ரெண்டு இலை வைச்சுக்கொண்டு வா."