கன்னியம்மா மூடவிட்ட பூ

ஞாயிறு காலை நம் செடிக் குழுவுக்குக் கன்னியம்மாவின் எண்ணிலிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. அவர் எதையும் தட்டச்சு செய்யமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். பூத்தால் படம், இல்லாவிட்டால் குரல். எதிலோ மொட்டு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் அழுத்தினேன். பேசியது அவருடைய மகள். "அம்மா விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போய்ட்டாங்க. செடிக்காரங்க எல்லாருக்கும் சொல்லச் சொல்லி அப்பா சொன்னாரு." செடிக்காரங்க என்ற சொல் வந்த இடத்தில் நான் உடைந்துபோனேன்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னியம்மாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட் செய்யும் பட்டறையில் தரம் பார்க்கும் வேலை. சேக்காட்டில் வீடு. மொட்டை மாடி முழுக்கக் கள்ளிச்செடிகள். நான் பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஆவடியில் நடந்த செடிப் பரிமாற்றத்தில் சந்தித்தோம். ஏறக்குறைய ஒரே வயது. என் கையில் அன்று ஏரியோகார்பஸ் விதைகள் ஒரு பொட்டலம் இருந்தது. மெக்சிகோ நாட்டு மலைகளில் அருகிவரும் கள்ளி அது. முள் கிடையாது, மண்ணோடு மண்ணாகக் கல்லைப் போலக் கிடக்கும், விதையிலிருந்து பூக்கப் பத்து வருடம்கூட ஆகலாம். நான் அதன் பெயரையும் குடும்பத்தையும் விளக்க ஆரம்பித்தேன்.

"பேரு கெடக்கட்டும் டீச்சர். இதுக்கு இன்னா புடிக்காது, அத்தச் சொல்லுங்க."

"ஈரம்" என்றேன்.

"அப்ப மெட்ராஸே புடிக்காதுன்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் பாதி விதைகளை வாங்கிக்கொண்டார்.

ஆறு மாதத்தில் என் கன்றுகள் எல்லாம் அழுகிவிட்டன. அவரிடம் ஏழு மிஞ்சின. பாடிப் பக்கம் பழைய சாமான் கடையில் பேருந்து ஜன்னல் கண்ணாடிகளை வாங்கி, மழை படாமல் அவற்றுக்கு மட்டும் ஒரு கூரை போட்டிருந்தார். ஒவ்வொரு போகியன்றும் போல்ட் அளக்கும் வெர்னியரை வைத்துச் செடிகளின் அகலத்தை அளப்பார். "ரெண்டு மில்லி ஏறிகீது டீச்சர்!" என்று குரல்செய்தி வரும். அந்தப் பெருமழையில் சேக்காட்டில் வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர் வந்ததே, அன்று காற்றில் கண்ணாடிக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. "டிவி போச்சு, பிரிஜ் போச்சு. இவ ஏழு தொட்டியயும் மாடிலேந்து எட்தாந்து அரிசி டிரம்மு மேல வெச்சி, பக்கத்துலயே நின்னுகினு கீறா" என்று அவர் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். தண்ணீர் வடிந்ததும் கன்னியம்மா முதலில் பாடிக்குத்தான் போனார், கண்ணாடி வாங்க.

ஒன்பதாம் வருடம் ஐப்பசியில் அந்த ஏழில் ஒன்று மொட்டு விட்டது. இந்தக் கள்ளி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. விதை பிடிக்க வேண்டுமானால் அதே நாளில் வேறொரு செடியும் பூத்திருக்க வேண்டும். என்னிடம் ஒன்று பூத்திருந்தது. இதை நான் உங்களிடம் மறைத்திருந்தேன், இன்று சொல்லிவிடுகிறேன். காத்திருக்கப் பொறுமையில்லாமல், ஒரு வியாபாரியிடம் வளர்ந்த செடியாகவே கூரியரில் வரவழைத்திருந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு மாங்காட்டில் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பெருமையாகப் போய் இறங்கினேன்.

கன்னியம்மா தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். செடியை மெதுவாக மண்ணிலிருந்து தூக்கி அடிவேரைப் பார்த்தார். தடித்த வேர் கத்தியால் வெட்டப்பட்டு, வெட்டிலிருந்து புதிதாக நாலு இழை வேர்கள் வந்திருந்தன.

"இது தொட்டியில வளந்தது இல்ல டீச்சர். மலையிலேந்து புடுங்கினு வந்தது."

"தெரியும்" என்றேன். "ஆனா வந்தது வந்துருச்சு. மகரந்தம் எடுத்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"இதுல வெதை புடிச்சா, அடுத்த வருசம் நீங்களே இன்னொண்ணு வாங்குவீங்க. பாத்துட்டு நம்மாளுங்க பத்து பேரு வாங்குவாங்க. வேணாம்."

"நாளைக்கு உங்க பூ மூடிடும். ஒன்பது வருஷம் கன்னியம்மா!"

"மூடட்டும்."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தப் பூவை அவர் எவ்வளவு எதிர்பார்த்திருந்தார் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் குரல் இறங்கவில்லை. கோபத்தோடு திரும்பி வந்தேன். இரண்டு மாதம் பேசவில்லை. மார்கழி மழையில் என் செடி அடியிலிருந்து கொழகொழத்துப் போனது. எங்கோ ஒரு மலையில் எனக்கு முன்பே பிறந்திருக்கக்கூடிய உயிர். வெட்கத்தோடு அழைத்துச் சொன்னேன். முதல்முறையாக அவர் என்னை நீ என்றார். "அந்தத் தொட்டியக் கொதிக்கிற தண்ணில கழுவி எட்துகினு வா."

போனேன். ஏழில் ஒன்றை எடுத்து அதில் நட்டுக் கொடுத்தார்.

மறு ஐப்பசியில் எதுவும் பூக்கவில்லை. அதற்கடுத்த ஐப்பசியில் என்னிடமிருந்த செடியும் அவரிடமிருந்த ஒன்றும் ஒரே நாளில் மலர்ந்தன. அடைமழை. பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறி, பூத்த தொட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மாங்காடு வந்து சேர்ந்தார். தலை சொட்டச் சொட்ட உட்கார்ந்து, மகளின் மை தீட்டும் தூரிகையால் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குத் தடவினார். "இப்ப யாரும் எங்கேந்து வந்துச்சுன்னு கேக்க முடியாது" என்றார். அந்த விதைகள்தான் சென்ற வருடம் உங்களில் பலர் வீட்டுக்குத் தபால் உறையில் வந்தவை. பணம் கேட்கவில்லை. மலையிலிருந்து பிடுங்கியதை வாங்கமாட்டேன் என்று ஒவ்வொருவரையும் தொலைபேசியில் சொல்ல வைத்தார். சிலர் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அவர் சிரிக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று அவர் மகள் ஒரு காகித மடிப்பைக் கொடுத்தாள். கன்னியம்மா தனக்கென்று வைத்து, இன்னும் விதைக்காமலிருந்த பங்கு.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் சொன்ன அந்த "வேணாம்". ஆசை தொண்டை வரை இருக்கும்போதும் குரல் இறங்காமல் அதைச் சொல்ல முடியும் என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு வயது அறுபத்தொன்று. இந்த விதைகள் பூக்கும்போது எழுபதைத் தாண்டியிருப்பேன். நேற்று மணலைச் சலித்து, எல்லாவற்றையும் விதைத்துவிட்டேன்.