சேர்த்த மாணவர் தொகை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி நாற்பது. வேலைக்கு வந்ததும் வரவேற்பு மேசையில் முதலில் கண்டது ஒரு பட்டியலை. அன்று மதியம் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஹோட்டலின் கீழ் மண்டபத்தில் ஒரு விருந்து. நான் விருந்தோம்பல் முகாமைத்துவம் படித்த தனியார் கல்வி நிறுவனம், தனக்கு மாணவர் சேர்த்துக் கொடுத்த முகவர்களுக்காக வைத்த விருந்து. மேசைகளில் வைக்கும் பெயர் அட்டைகளை அச்சடிப்பது என் பொறுப்பு.

பட்டியலில் ஐந்து நிரல்கள்: இலக்கம், பெயர், ஊர், தொலைபேசி, சேர்த்த மாணவர் தொகை. ஏழாவது பெயர் நான் அண்ணை என்று கூப்பிடும் என் பெரியம்மாவின் மகனுடையது. ஊர் உடுப்பிட்டி. தொலைபேசி இலக்கத்தை இரண்டு தரம் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான இலக்கம். மாணவர் தொகை பதினொன்று.

அந்தப் பதினொருவரில் நான் ஒருத்தி. வரும் வெள்ளிக்கிழமை அதே படிப்புக்குப் பதிவுக் கட்டணம் கட்ட இருந்த என் தங்கை பன்னிரண்டாவது ஆள்.

ஐந்து வருடங்களுக்கு முன் நான் யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் நிருபராக இருந்தேன். அண்ணை அப்போது மாலைதீவு ஹோட்டல் ஒன்றில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். எங்கள் குடும்பத்தில் அந்தத் தொழிலைத் தெரிந்தவர் அவர் மட்டும்தான். ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, கொப்பித் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இடது பக்கம் செலவு: மூன்று வருடக் கட்டணம், கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு, சீருடை. எல்லாமாக இருபத்திரண்டு இலட்சம். வலது பக்கம் வரவு: அடிப்படைச் சம்பளம், அதோடு விருந்தினரிடம் வாங்கி ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கும் சேவைக் கட்டணம். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்றார்.

நான் மூன்று ஹோட்டல்களுக்குத் தொலைபேசி எடுத்துத் தொடக்கச் சம்பளம் கேட்டேன். மூன்றிலும் சொன்ன தொகை அண்ணை எழுதியதில் பாதிகூட இல்லை. அவரிடம் சொன்னபோது, அது சேர்டிபிக்கற் செய்தவர்களுக்கான சம்பளம், பட்டதாரிக்கு வேறு என்றார். பத்திரிகையில் ஒரு வீதி விபத்துக்கே இரண்டு பேரிடம் கேட்டு உறுதிப்படுத்துவோம். இங்கே மூன்று பேர் ஒன்றையே சொன்னார்கள். நான் நான்காவது ஆளை நம்பினேன்.

அம்மாவின் சீதனக் காணி நான்கு பரப்பு. எனக்கும் தங்கைக்கும் இரண்டிரண்டாக ஒதுக்கியிருந்தது. என் பங்கை விற்றோம்.

கணக்கின் பிழை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே தெரிந்தது. சேவைக் கட்டணம் மாதத்துக்கு மாதம் மாறும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சனம் வரும்போது அறைகள் நிறையும். அந்த ஒரு மாதத் தொகையைத்தான் அண்ணை பன்னிரண்டால் பெருக்கியிருந்தார். கார்த்திகை மழையில் ஒரு மாடி முழுவதும் பூட்டிக் கிடக்கும். எனக்கு மேற்பார்வையாளராக இருப்பவர் ஆறு மாதச் சேர்டிபிக்கற்றோடு சேர்ந்தவர். நான் கொழும்பில் படித்த மூன்று வருடமும் அவர் இங்கே வேலை பழகினார். என்னைவிடப் பதினெட்டாயிரம் ரூபாய் கூட எடுக்கிறார். செவ்வாய்க்கிழமை வரை இதையெல்லாம் அண்ணை தெரியாமல் விட்ட பிழை என்றே நினைத்திருந்தேன்.

அவர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். வாசலில் எல்லாருக்கும் கொடுத்ததுபோல அவருக்கும் தோடம்பழச் சாறு கொடுத்தேன்.

"என்ன பிள்ளை, எனக்கும் உபசாரமோ? நான் வீட்டு ஆள்."

"லிஸ்ற்றிலை ஏழாவது ஆள்," என்றேன்.

அவர் சாற்றைக் குடித்து முடித்து, கிளாசைத் தட்டில் வைத்தார்.

"உதைப் பெரிசுபடுத்தாதை. அந்தக் கொமிசனை நான் வாங்காட்டில் வேறை ஆரும் வாங்கியிருப்பாங்கள். உனக்குக் கட்டணம் எப்பிடியும் ஒண்டுதானே."

சம்பளக் கணக்கைப் பற்றிக் கேட்டேன்.

"நீ பேப்பர்க்காரி. விசாரிச்சிருக்கலாம்தானே?"

விசாரித்தேன் என்றேன். பின்னால் நின்றவர் சாற்றுக்குக் கை நீட்ட, அண்ணை மண்டபத்துக்குள் போனார். விருந்தில் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கைதட்டல் வரவேற்பு மேசைவரை கேட்டது.

பின்னேரம் வீட்டில் அம்மாவையும் தங்கையையும் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். என் கடைசி ஆறு மாதச் சம்பளத் துண்டுகளை வரிசையாக வைத்தேன். தங்கை உள்ளே போய் ஒரு கொப்பித் தாளை எடுத்துவந்தாள். அண்ணையின் எழுத்து. இந்த முறை வலது பக்கம் டொலரில் இருந்தது. தான் யாழ்ப்பாணத்தில் நிற்கப்போவதில்லை, மாலைதீவுக்குப் போகப்போகிறேன் என்றாள். ஆறு மாதப் படிப்போடும் அங்கே போகலாம், அண்ணையே அப்படித்தான் போனவர் என்றேன்.

"நீங்கள் டிகிரி படிச்சனீங்கள். நான் மட்டும் சேர்டிபிக்கற்றோ?" என்றாள் தங்கை. "ஹோட்டலிலை கோட் போட்டுக்கொண்டு நிக்கிறது நீங்கள்தானே அக்கா."

அம்மா சம்பளத் துண்டுகளைத் தொடவில்லை. ஒரு மாணவரைச் சேர்த்தால் முகவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டார். மண்டபத்தில் ஒருவர் சொல்லக் கேட்ட தொகையைச் சொன்னேன். எழுபத்தையாயிரம்.

"அவ்வளவோ," என்றார். பிறகு, "அவனுக்குக் காசு போறதுதான் உனக்குப் பிரச்சினையோ?" என்று கேட்டார்.

அதில்லை என்றேன். அவன் பொய் சொன்னதுதான் என்றேன். அம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கல்வி நிறுவனத்தின் நெல்லியடிக் கிளையில் தங்கை பதிவுக் கட்டணத்தைக் கட்டினாள். வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தின் பிரதியைத் தந்தாள். 'அறிமுகம் செய்தவர் / முகவர்' என்ற கட்டத்தில், அம்மாவின் கையெழுத்தில், என் பெயர் இருந்தது.